கழுத்துச் சாட்சி

அந்தக் கோடியில உக்காராதீங்க, பெஞ்சுக்கு அந்தப் பக்கத்துக் காலு ஆடுது. இப்படி வாங்க, எடமிருக்குது. கையில ஹெல்மெட்ட மட்டும் வெச்சுட்டு வர்றீங்கன்னா வண்டி போயிருச்சுன்னு அர்த்தம். சரிங்களா? மார்க்கெட்டு முன்னாடி நிறுத்துனதுங்களா? அடப் பாவமே. உள்ள போனீங்கன்னா மேசையில இருக்கறவரு, "திருடு போச்சுன்னு எழுதாதீங்க, காணோம்னு எழுதுங்க"ம்பாரு. அப்படியே எழுதிக் குடுத்துருங்க. திருட்டுன்னு எழுதுனா அது கணக்குல ஏறிரும். காணோம்னா உங்க கவனக்கொறைவோட முடிஞ்சுது. ஊருக்குன்னு ஒரு பேரு இருக்குதில்லீங்க, அதைய நாமதான் காப்பாத்தோணும்.

என்னைய எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்களா? இருக்கும். தலைய அப்படிக்கா திருப்புங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பேக்கரிக்கு மேல, பெரிய ப்ளக்ஸ் தெரியுதா? பொன்னாடை போத்திக்கிட்டுக் கும்புடறது நானுதான். நகைச்சுவைத் தென்றல் நாச்சிமுத்து. பக்கத்துல நிக்கறது எம்பட வூட்டுக்காரி, கருணாம்பிகை. "பாதுகாப்பான நகரத்தின் பெருமைமிகு தம்பதி"ன்னு போட்டுருக்காங்க பாருங்க. ஞாயித்துக்கெழமை பாராட்டு விழா. மந்திரி வர்றாருங்க.

அவ கழுத்துல கெடக்கற சங்கிலியப் பாருங்க. இங்கிருந்தே எப்படி மின்னுது. அதைய மனசுல வெச்சுக்குங்க.

அவ இப்ப உள்ளதான் இருக்கறா, எஸ்.ஐ. அம்மா முன்னாடி. என்னையும் கூப்புட்டாங்க. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு வெளிய வந்தவன் இப்படி உக்காந்துட்டேன். தண்ணியெல்லாம் குடிச்சாச்சு. எந்திரிச்சு உள்ள போகோணும். போலாம், என்ன அவசரம். நீங்களும் உங்க நேரம் வர்ற வரைக்கும் உக்காந்துதான ஆகோணும்.

மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தவனுங்க நானு. ஆனா ஊருக்கு என்னையத் தெரிஞ்சது பட்டிமன்றத்துலதான். பட்டிமன்றத்துல ஒரு வசதி என்னன்னா, எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசலாம். காத்தால ஒரு ஊர்ல மாமியாதான் பாவம்னு பேசுவேன், சாயங்காலம் இன்னொரு ஊர்ல மருமகதான் பாவம்னு பேசுவேன். ரெண்டு ஊர்லயும் பொம்பளைங்க கண்ணத் தொடைச்சுக்குவாங்க. அதுல பொய்யின்னு ஒண்ணும் இல்லீங்க. அது ஒரு கலை.

இந்த வருசம் ஏதோ ஒரு அமைப்பு பட்டியல் உட்டுதுங்களே, பாதுகாப்பான ஊருங்கன்னு. நம்மூரு மேல வந்துருச்சு. அன்னைக்கே ஆளுங்கட்சிக்காரங்க ஊரு பூராவும் ப்ளக்ஸ் கட்டிட்டாங்க. எதிர்க்கட்சிக்காரங்க, பட்டியலே பொய்யின்னாங்க. போன ஆட்சியில இதே பட்டியல்ல நம்மூரு கீழ போயிருந்துது, அப்ப ஆட்சியில இருந்தவங்க பொய்யின்னாங்க, எதிர்ல இருந்தவங்க நெசம்னாங்க. ஆட்சி மாறுனா பட்டியலுக்கு அர்த்தமும் மாறிக்கும். நானே அப்ப ஒரு மேடையில, "பட்டியல நம்பாதீங்க, உங்க பக்கத்து வூட்டக் கேளுங்க"ன்னு பேசிக் கைதட்டு வாங்கியிருக்கறேன்.

இந்தத் தடவ எங்க வார்டு கவுன்சிலரு வியாபாரிங்க சங்க விழாவுல பட்டிமன்றம் வெச்சாரு. "நம் ஊர் பாதுகாப்பான ஊர்: பட்டியல் சொல்வது உண்மையா, வெறும் பெருமையா?" எனக்கு உண்மைங்கற பக்கம். அது கஷ்டமான பக்கமுங்க, சிரிக்க வெக்க முடியாது. எதிர்ல பேராசிரியை மங்கையர்க்கரசி. அந்தம்மா வாயத் தொறந்தா சபையே அந்தப் பக்கம் சாஞ்சுரும்.

அந்த வாரத்துலதான் அது நடந்துச்சு. காத்தால பால் வாங்கப் போனவ வெறுங்கையோட திரும்பி வந்து அடுப்படியில நின்னா. பால் எங்கன்னேன். பின்னாடியிருந்து வண்டியில வந்தவன் சங்கிலியப் புடுங்கிட்டுப் போயிட்டானாமா. தாலியோட. கழுத்துல செவசெவன்னு ஒரு கோடு. நல்லவேளை, கீழ உழுகல. அவன் திரும்பிப் பாத்தானாமா, காதுக்குக் கீழ தழும்பு இருக்குதாமா, எங்க பாத்தாலும் அடையாளம் காட்டுவேன்னா. "கம்ப்ளெயிண்டு குடுக்கோணுமுங்க"ன்னா.

நீங்களே சொல்லுங்க. ப்ளக்ஸ் அடிச்சாச்சு. நோட்டீசுல எம்பேரு கொட்டை எழுத்துல போட்டாச்சு. ஊரு பத்தரமா இருக்குதுன்னு பேசப் போறவன் பொண்டாட்டி சங்கிலியக் காணோம்னு ஸ்டேஷன்ல நின்னா அந்தம்மா மங்கையர்க்கரசி என்னைய உடுமா? மேடையிலயே உரிச்சுத் தொங்க உட்டுரும். கூட்டம் முடியட்டும், அடுத்த நாளே நானே கூட்டிட்டுப் போறேன்னேன். சத்தியமாத்தான் சொன்னேன்.

அவ ஒரு மஞ்சத் துண்டக் கயித்துல கோத்துக் கழுத்துல கட்டிக்கிட்டா. நம்ம பக்கத்துல தாலி போச்சுன்னா அப்படித்தான, வெறுங்கழுத்தா இருக்கக் கூடாதில்லீங்களா. ஆனா மஞ்சக் கயித்தோட வெளிய போனா தெருவே கேக்குமே. சங்கிலி அடமானத்துல இருக்குதா, திருடு போச்சான்னு. அதனால நானே போயி கவரிங்குல ஒரு சங்கிலி வாங்கிட்டு வந்தேன். அசல் அதே மாடல். கடைக்காரனே, "உங்க வூட்டம்மாளுக்கே வித்தியாசம் தெரியாதுங்க"ன்னான். அவ வாங்கிப் பாத்தா. போட்டுக்கிட்டா.

கூட்டத்தன்னைக்கு அந்தம்மா எந்திரிச்சுது. நிதானமாத்தான் பேசுச்சு. "பட்டியல் போடறவங்க வந்த புகார எண்ணறாங்க. வராத புகார ஆரு எண்ணறது? புகார் குடுக்கப் பயப்படற ஊர்ல எண்ணிக்கை கம்மியாத்தான் இருக்கும்"னுச்சு. அது மட்டுமில்லீங்க. "நீங்க பத்தரமா இருக்கீங்களான்னு பட்டியலக் கேக்காதீங்க, உங்க வூட்டுப் பொம்பளைங்களக் கேளுங்க"ன்னு முடிச்சுது. முன்வரிசையில இருந்த கவுன்சிலரு மூஞ்சி சுண்டிப் போச்சு.

நான் எந்திரிச்சேன். மொதல்ல டி.வி.காரங்களக் கிண்டல் பண்ணுனேன். ஒரு திருட்ட நாள் பூரா காட்டுனா, நாம நாள் பூரா திருட்டு நடக்கறதா நெனச்சுக்கறோம், பயம் தெருவுல இல்ல, சோபாவுலதான் இருக்குதுன்னேன். லேசாச் சிரிச்சாங்க. ஆனா அது பத்தல. அப்பத்தான் மூணாவது வரிசையில இவ உக்காந்துருக்கறதப் பாத்தேன். சாமி சத்தியமா திட்டம் எதுவும் இல்லீங்க. வாயில தானா வந்துச்சு. "அம்மா வூட்டுப் பொம்பளைங்களக் கேக்கச் சொல்றாங்க. என்னத்துக்குக் கேக்கோணும், கண்ணாலயே பாத்துக்கலாம். எம்பட சம்சாரம் இந்தச் சங்கிலியப் போட்டுக்கிட்டுத்தான் தெனமும் இருட்டுலயே தனியாப் பால் வாங்கப் போறா. கருணா, எந்திரிச்சு நில்லு. எல்லாரும் பாக்கட்டும்."

அவ நின்னா. சித்த நேரம் என்னையவே பாத்தா, அப்பறம் சபையப் பாத்துத் திரும்பி நின்னா. கைதட்டுன்னா அப்படி ஒரு கைதட்டுங்க. பந்தல் தூணு அதிருது. நடுவரு உண்மைதான்னு தீர்ப்புச் சொல்லிட்டாரு. கவுன்சிலரு மேடைக்கே ஏறி வந்து பொன்னாடை போட்டாரு. ஆரோ அதைய வீடியோ எடுத்துப் போட்டு, ராத்திரிக்குள்ள ஊரே பாத்துருச்சு. உங்க செல்லுலயும் வந்துருக்கும், பாருங்க.

அதுக்கப்பறம் எனக்கு எங்கீங்க நேரம்? கல்லூரி ஆண்டு விழா, கோயில் விழா, கட்சிக் கூட்டம். கூப்புடறப்பவே, "அம்மாவையும் கூட்டிட்டு வந்துருங்க"ம்பாங்க. கடைசியில அந்த எடம் வரும், "எந்திரிச்சு நில்லு, எல்லாரும் பாக்கட்டும்"பேன், சபையே எங்கூடச் சேந்து சொல்லும். அவ எந்திரிப்பா, நிப்பா, உக்காருவா. மொகத்துல ஒரு சிரிப்பு வெச்சா நல்லாருக்கும்னு சொல்லிப் பாத்தேன். வெக்க மாட்டேன்னுட்டா.

கவரிங் சில பேருக்கு ஒத்துக்கறதில்லீங்க. அந்தக் கோட்டு மேலயே பட்டுப்பட்டு கழுத்தச் சுத்திப் புண்ணாயிருச்சு. பவுடர் போட்டுக்க, லைட்டு வெளிச்சத்துல தெரியாதுன்னேன். தெரியவும் இல்ல, அதான் ப்ளக்ஸ்லயே பாக்கறீங்களே. மொதல்ல ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சும் வண்டியில கேப்பா, "கம்ப்ளெயிண்டு எப்பங்க?" இந்த மாசம் போகட்டும்பேன். அப்பறம் கேக்கறத நிறுத்திட்டா. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். முந்தியெல்லாம் நான் புதுசா ஒரு ஜோக்கு எழுதுனா அவகிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன். அவ சிரிச்சா சபை சிரிக்கும். அதுவும் நின்னு போச்சு. நான் சொல்லுவேன், அவ பருப்புல கல்லுப் பொறுக்கிட்டு இருப்பா.

இதுல ஒரு சிக்கல் வந்துச்சு. அவ கழுத்துல தங்கம் இருக்குதுன்னு இப்ப ஊருக்கே தெரியும். வூடு எங்கன்னும் தெரியும். எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. கவரிங்குன்னு திருடனுக்கு என்ன தெரியும், சொல்லுங்க? கழுத்தத்தான புடிப்பான். அதனால வாசலுக்கு கிரில்லு போட்டு, கனமாப் பூட்டு ஒண்ணும் வாங்குனேன். பால நானே வாங்கிட்டு வந்துருவேன். கடைகண்ணிக்கு நானே போயிருவேன். நான் வெளியூர் போனா வெளிய பூட்டிட்டுச் சாவிய எடுத்துக்குவேன். ரெண்டு சாவி இருந்தா ஒண்ணு தொலைஞ்சு எவன் கையிலயாவது கெடைச்சுரும்னு இன்னொண்ணையும் நானே வெச்சுக்கிட்டேன். எல்லாம் அவ நல்லதுக்குத்தானுங்க. எந்தப் புருசன் இத்தன அக்கறையாப் பாத்துக்குவான்?

உங்களுக்கு என்ன, தண்ணி வேணுமுங்களா? இந்த பாட்டில்ல இருக்குது, குடிங்க.

தண்ணின்னதும் அது ஞாபகம் வந்துருச்சு பாருங்க. எங்க எதுத்த வூட்டுல துளசிமணி அக்கான்னு ஒருத்தங்க. புருசன் இல்ல, மகன் மருமககூட இருக்கறாங்க. எங்களுக்கு ஒரு கொழம்பு வெச்சாக்கூடக் கிண்ணத்துல ஊத்திட்டு வந்துருவாங்க. அன்னைக்கு மத்தியானமும் கிண்ணத்தோடதான் வந்துருக்காங்க. கிரில்லுக்கு வெளிய நின்னு குடுத்துட்டுத் திரும்பறாங்க, வண்டியில வந்தவன் கழுத்துல கைய வெச்சுட்டான். அக்கா சங்கிலிய உடுல. எங்க வாசல்ல இருந்து அடுத்த வூட்டுக் கம்பம் வரைக்கும் இழுத்துட்டுப் போயிருக்கறான். இடுப்பு எலும்பு போச்சு.

இவ கிரில்லுக்குள்ள நிக்கறா. கண்ணு முன்னாடி நடக்குது. அதே ஆளாமா, அதே தழும்பாமா. கத்தியிருக்கறா. அக்கா மகனும் மருமகளும் வேலைக்குப் போயாச்சு, மத்தியானத்துல தெருவுல ஆரு இருக்கறாங்க? எனக்குப் போன் மேல போன் போட்டுருக்கறா. நான் மேடையில இருக்கறேன், போன ஊமையாக்கி வெச்சுருந்தேன். பூட்ட ஒடைக்கறேன்னு அம்மிக் கொழவிய எடுத்துட்டு வந்து அடிச்சிருக்கறா. நல்ல பூட்டுங்க அது, ஒண்ணும் ஆகுல. கிரில்லுச் சந்துல தண்ணிப் பாட்டில உட்டு உருட்டி உட்டாளாமா. அக்கா கைக்கு எட்டுலயாமா. அப்பறம் சிலிண்டர் போடற ஆளு வந்துதான் தூக்கியிருக்கறான்.

அந்த நேரத்துல நான் என்ன பேசிட்டிருந்தேன்னு கேளுங்க. "நம்மூர்ல பூட்டுங்கறதே பழைய காலத்துச் சாமான், பேரப் புள்ளைங்களுக்குக் காட்டறதுக்கு ஒண்ணு எடுத்து வெச்சுக்குங்க"ன்னேன். நல்ல வரிங்க. அந்த வீடியோவும் நல்லாப் போச்சு.

இதுல எம்பட தப்பு என்னங்க இருக்குது? பூட்டுனது பாதுகாப்புக்கு. பேசுனது மேடைக்கு. ரெண்டும் வேற வேற. இதைய அவகிட்டச் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி அவ சோறு போட்டு வெச்சுட்டு, அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டா.

அக்கா மகன் இங்க வந்து கம்ப்ளெயிண்டு குடுத்துருக்கறான். முன்னால இருந்த ஆபீசரு, உங்க தெருவுல இதுக்கு முன்னாடி சங்கிலி போனதா ஒரு புகாரும் இல்லியே, வயசானவங்க கால் தடுக்கி உழுந்துருப்பாங்க, சங்கிலி எங்காச்சும் கெடக்கும், தேடிப் பாருங்கன்னு அனுப்பிட்டாரு. சொல்லப் போனா அவரு சொன்னதுலயும் ஞாயம் இருக்குதுங்க. புகார் இல்லாதப்ப அவரு என்ன பண்ணுவாரு? ஆசுபத்திரியில அக்கா, "நான் உழுகல சாமி, என்னைய இழுத்தான்"னு வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுக் கெடக்கறாங்களாமா. இப்பப் புதுசா ஒரு எஸ்.ஐ. அம்மா வந்துருக்குது. சாட்சி இருந்தாக் கூட்டிட்டு வாங்க, பாக்கறேன்னு சொல்லியிருக்குது.

இன்னைக்குக் காத்தால நான் குளிக்கப் போனேங்க. வந்து பாத்தா சட்டைப் பையில சாவிகளக் காணோம். கிரில்லு வெளிய பூட்டிக் கெடக்குது. உள்ள நானு. ஈரத் துண்டோட கம்பியப் புடிச்சுட்டு நிக்கறேன். எனக்குக் கோவம் வர்ல, பயம்தானுங்க வந்துச்சு. தெருவுல போறவங்கள்லாம் பாக்கறாங்க. ஒருத்தன், "அண்ணா, நாலு வரி பேசுங்க"ன்னு செல்லத் தூக்கறான். ஆரையாவது தொறந்து உடச் சொல்லலாம்னா, என்னன்னு சொல்லிக் கேக்கறது? பொழுது ஏறுனதுக்கப்பறம் துளசிமணி அக்கா மருமக வந்து தொறந்து உட்டுச்சு. "கருணா அத்தை சாவியக் குடுத்து, உங்களக் கையோட ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க மாமா"ன்னுச்சு. அந்தப் புள்ளை எம்மூஞ்சியப் பாக்கவே இல்ல.

வந்தேன். உள்ள போனா, மேசைக்கு முன்னாடி இவ. கழுத்துல கவரிங் இல்ல, மஞ்சக் கயிறு. கவரிங்கக் கழட்டி மேசை மேல வெச்சுருக்கறா. கழுத்துப் புண்ணுல பவுடரும் இல்ல. அவளப் பகல் வெளிச்சத்துல அப்படிப் பாத்து நாளாச்சுங்க.

எஸ்.ஐ. அம்மா செல்ல எம்பக்கம் திருப்புச்சு. எம்பட வீடியோ. "உங்க சம்சாரம் சங்கிலி திருடு போச்சுங்கறாங்க. அவங்க சொல்ற தேதிக்கு அப்பறம் எடுத்த இந்த வீடியோவுல கழுத்துல சங்கிலி இருக்குது. நீங்களே காட்டறீங்க. எது நெசமுங்க?"

இவ, அது கவரிங்குன்னு சொல்லிட்டாளாமா. அந்தம்மா சொல்லுது, நீங்க சொல்றத நான் நம்பறேன், ஆனா நாளைக்குக் கோர்ட்டுல அந்தத் திருடனோட வக்கீலு இந்த வீடியோவப் போட்டுக் காட்டுனா உங்க சாட்சி நிக்காது, துளசிமணியம்மா கேசும் கூடவே போயிரும், அதனால உங்க வூட்டுக்காரர் வாயால வரோணும்னு. மேடையில சொன்னது பொய்யின்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடோணுமாமா. அவ்வளவுதான். ஒரே வரி.

அந்த ஒரு வரிதானுங்க வர்ல. இத்தன வருசமா ரெண்டு பக்கமும் பேசுனவன். இங்க உக்காந்து மனசுக்குள்ள ரெண்டு பக்கமும் பேசிப் பாத்துட்டேன். அவ சொல்றது உண்மையின்னு பேசுனா ஞாயித்துக்கெழமை விழா போச்சு, கவுன்சிலரு போச்சு, மேடை போச்சு. நாளைக்கு அந்த மங்கையர்க்கரசி அம்மா என்னையவே உதாரணமா வெச்சுப் பேசும். எதிர்க்கட்சிக்காரன் இவ கழுத்தப் போட்டோ எடுத்து வேற ப்ளக்ஸ் கட்டுவான். அவ சொல்றது பொய்யின்னு பேசுனா, பொண்டாட்டி பொய்க் கேசு குடுக்க வந்ததா ஆயிரும். அக்கா உழுந்ததா ஆயிரும். அந்தப் பக்கம் போனாலும் செவுரு, இந்தப் பக்கம் போனாலும் செவுரு. மத்த பட்டிமன்றத்துல கடைசியா நடுவர்னு ஒருத்தரு இருப்பாரு. ரெண்டு பேரும் சரின்னு சொல்லி வூட்டுக்கு அனுப்பிருவாரு. இங்க அப்படி ஆரும் இல்லீங்க.

மூணாவதா ஒண்ணு யோசிச்சேன். திருட்டுன்னு சொல்லாம, காணோம்னு எழுதிக் குடுத்தா என்னன்னு. உங்க வண்டி மாதிரி. ஊரு பேரும் கெடாது, அவளுக்கும் ஒரு ஆறுதல். அதைய உள்ள போயிச் சொல்லிப் பாக்கலாமான்னு... நீங்க என்ன நெனைக்கறீங்க? அப்படிப் பாக்காதீங்க.

இருங்க. கதவு தொறக்குது. அவதான்.

வந்துட்டேன் கருணா. தண்ணி குடிச்சுட்டு... இந்தத் தம்பி வண்டியத் தொலைச்சுட்டு வந்து உக்காந்துருக்குது, அதான் பேசிட்டு...

கேட்டீங்களா? என்ன சொன்னா, கேட்டீங்களா? "எந்திரிச்சு நில்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்"ங்கறா. கோவமாக்கூடச் சொல்லுல. எம்பட வரிங்க அது. அதுக்கு ஊரே கைதட்டும். இப்ப ஆரும் தட்டுல, பாத்தீங்களா. கதவப் புடிச்சுட்டே நிக்கறா. நான் போற வரைக்கும் அவ நகர மாட்டா, எனக்குத் தெரியும்.

இந்தப் பைய சித்தப் பாத்துக்குங்க, பொன்னாடை இருக்குது. ஸ்டேஷன்தான், இருந்தாலும் ஆரு கண்டாங்க. கொஞ்சம் கையக் குடுங்க தம்பி, எந்திரிக்கோணும்.